பெஞ்சு அறைச் சாவி

வேலூர்
23 ஜூன் 2024

சம்பூர்ணம் அத்தைக்கு,

நான் காயத்ரி எழுதுகிறேன். ஏழாம் வகுப்பு ‘பி’ பிரிவு காயத்ரி. தேர் அன்று பெஞ்சு அறையில் மாட்டிக்கொண்ட பெண் என்றால் காஞ்சிபுரத்தில் எல்லோருக்கும் தெரிகிறது. உங்களுக்கு அப்படிச் சொல்ல வேண்டியதில்லை.

இந்த முகவரி சரியா என்று தெரியவில்லை. தாமல் காலனி, சர்ச்சுக்குப் பின்னால், சாமுவேல் வீடு என்று நீங்கள் ஒரு தடவை சொன்னது நினைவிருக்கிறது. சாமுவேல் உங்கள் வீட்டுக்காரர் பெயர்தானே? வேறு வீட்டுக்குப் போய்விட்டால், பிரித்துப் படிக்கிறவர்கள் தயவுசெய்து பள்ளிக்கூடத்தில் ஆயாம்மா வேலை பார்த்த சம்பூர்ணத்திடம் கொடுத்துவிடவும்.

என்னை வேலூரில் ஒரு ஹாஸ்டலில் சேர்த்துவிட்டார்கள். இப்போது எட்டாம் வகுப்பு. காஞ்சிபுரத்தில் இனி படிக்க வேண்டாம் என்று அப்பா முடிவு செய்துவிட்டார். இங்கே போன் கூடாது, கடிதம் எழுதலாம். யாருக்கு என்று வார்டன் மிஸ் கேட்டார். அத்தைக்கு என்றேன். அது பொய் இல்லை. ‘ச’வில் தொடங்கும் எந்தப் பெயரும் எனக்குச் சீக்கிரம் வாயில் வராது என்று தெரிந்து நீங்கள்தானே, “அத்தைன்னு கூப்டுடி, ஆயாம்மான்னு கூப்டா கெழவி மாதிரி இருக்குது” என்றீர்கள்.

உங்களை வேலையை விட்டு நிறுத்திவிட்டதாக அம்மா சொன்னாள். ஸ்டேஷனில் ஒரு நாள் முழுக்க உட்கார வைத்தார்களாமே. எனக்கு அப்போது காய்ச்சல். வந்துகொண்டிருந்த கொஞ்சம் பேச்சும் நின்றுபோயிருந்தது. அதனால் யாரிடமும் எதுவும் சொல்ல முடியவில்லை. நீங்கள் என்னை உள்ளே வைத்துப் பூட்டியது என்னைக் காப்பாற்றத்தான். தேர்க் கூட்டத்தில் மறந்துபோய்விட்டீர்கள். மறுநாள் காலையில் ஞாபகம் வந்ததும் ஓடி வந்து திறந்தீர்கள். யார் வேண்டுமானாலும் மறக்கலாம். எனக்கு உங்கள் மேல் கோபமே இல்லை. இதைச் சொல்லத்தான் எழுதினேன்.

பதில் போடுங்கள். ஒரு வரி போட்டாலும் போதும்.

காயத்ரி


தாமல்
4 ஜூலை 2024

காயத்ரிக்கு சம்பூர்ணம் எழுதுவது.

உன் கடிதம் வந்தது. தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி “வேலூர் லெட்டரு” என்று போஸ்ட்மேன் கத்தியதில் நான்கு வீட்டுக்காரர்கள் வெளியே வந்து பார்த்தார்கள். எங்கள் வீட்டுக்கு இதுவரை கரண்ட் ஆபீஸ் தவிர யாரும் காகிதம் அனுப்பியதில்லை.

நீ எனக்கு எழுதியது தப்பு. உன் அப்பாவுக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று யோசித்தாயா? ஊர் வாயில் விழுந்து எழுந்தவள் நான். மறுபடி விழ என்னிடம் தெம்பு இல்லை. இதைப் படித்துவிட்டுக் கிழித்துப் போடு.

எட்டாவது வரை படித்த கை இது. எழுத்து கோணலாக இருந்தால் சிரிக்காதே. இப்போது ஏரி வேலைக்குப் போகிறேன். நூறு நாள் வேலை. வெயிலில் மண் வாரிப் போட்டால் வேறு எதுவும் நினைக்கத் தோன்றாது, அது ஒரு வசதி.

சாப்பிடுகிறாயா? டப்பாவில் பாதியை வைத்துவிட்டு மூடுகிற பழக்கம் இன்னும் இருக்கிறதா? அங்கே உள்ள பெண்கள் எப்படி? எவளாவது வாலாட்டினால் வார்டனிடம் சொல். வாயில் வராவிட்டால் எழுதிக் காட்டு. நீ எழுதினால் தண்ணீர் ஓடுகிற மாதிரி இருக்கிறது, இது எனக்குத் தெரியாமல் போய்விட்டதே.

ஒரு விஷயம். எழுதாதே என்று சொன்னாலும் நீ எழுதத்தான் போகிறாய். எழுதினால் அந்த நாளைப் பற்றி எழுதாதே. வேறு ஏதாவது பேசு.

சம்பூர்ணம்


வேலூர்
14 ஜூலை 2024

அத்தைக்கு,

கிழிக்கவில்லை. கணக்கு நோட்டு அட்டைக்குள் வைத்திருக்கிறேன்.

எனக்குத் திக்கும் என்று இங்கேயும் தெரிந்துவிட்டது. முதல் நாள் எழுந்து நின்று பெயரும் ஊரும் சொல்லச் சொன்னார்கள். காயத்ரியும் ‘கா’, காஞ்சிபுரமும் ‘கா’. இரண்டுக்கும் அதே இடத்தில் நின்றுவிட்டேன். பின்னாலிருந்து ஒருத்தி “லோடிங்” என்றாள். வகுப்பே சிரித்தது, டீச்சரும் கொஞ்சம் சிரித்தார். அங்கே சுகாசினியும் அவள் கூட்டாளிகள் இரண்டு பேரும் எனக்கு வைத்த பெயர் பஃபரிங். ஊர் மாறியதில் இது ஒன்றுதான் மாறியிருக்கிறது.

சாப்பாட்டு நேரத்தில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்கிறேன். அங்கே வெயில் வரும், ஆனால் யாரும் வர மாட்டார்கள். நாம் எப்படிப் பழக ஆரம்பித்தோம் என்று அங்கே உட்கார்ந்து நினைத்துக்கொண்டேன். உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா? அந்த மூன்று பேரும் என்னைப் பாத்ரூமுக்குள் தள்ளி வெளியே தாழ்ப்பாள் போட்டுவிட்டு, “வெளிய விடுங்கன்னு ஒழுங்கா சொல்லு, தொறக்கறோம்” என்றார்கள். எனக்கு ‘வெ’ வரவில்லை. நீங்கள் வந்து தாழ்ப்பாளைத் திறந்தீர்கள். பக்கெட்டில் இருந்த பினாயில் தண்ணீரை மூன்று பேர் மேலும் வீசினீர்கள். அதோடு விட்டீர்களா? என்னையும் திட்டினீர்கள். “இத்தினி நாளா ஏன்டி எங்கிட்ட சொல்லல?” நீங்கள் யார் உங்களிடம் சொல்ல என்று கேட்க நினைத்தேன். நல்லவேளை வாயில் வரவில்லை.

தலைமை ஆசிரியையிடம் நான் இரண்டு தடவை எழுதிக் கொடுத்திருந்தேன். “அட்ஜஸ்ட் பண்ணிக்கோம்மா” என்றார். மற்ற டீச்சர்கள் என்னிடம் பேசும்போது தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொள்வார்கள். நீங்கள் ஒருத்தர்தான் “சீக்கிரம் சொல்லித் தொலைடி, பெல் அடிச்சிடப் போறான்” என்பீர்கள். அது எனக்கு எவ்வளவு பிடிக்கும் தெரியுமா?

அப்புறம் பெஞ்சு அறை. உடைந்த பெஞ்சுகளும் உங்கள் துடைப்பங்களும் இருக்கிற அந்த அறைக்குள் மதியம் நான் போனதும் வெளியே பூட்டு போடுவீர்கள். பூட்டு தொங்கினால் உள்ளே ஆள் இருக்கும் என்று எவளுக்கும் தோன்றாது என்பது உங்கள் கணக்கு. “யாரு தட்னாலும் யாரு கூப்ட்டாலும் மூச்சு காட்டாத. நான் வந்துதான் தொறப்பேன்.” முதல் பெல் அடித்ததும் திறப்பீர்கள். சில நாள் நீங்களும் உள்ளே வந்து அஞ்சாங்கல் ஆடுவீர்கள். தோற்றால் ஒத்துக்கொண்டதே இல்லை. ஏழு மாதத்தில் ஒரு நாள்கூட நீங்கள் தாமதமாகத் திறந்ததில்லை, அத்தை. அதை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

அந்த நாளைப் பற்றி எழுதாதே என்றீர்கள். எழுதவில்லை, பாருங்கள்.

காயத்ரி


தாமல்
29 ஜூலை 2024

காயத்ரிக்கு,

இந்தக் கடிதத்தை ஒரு வாரமாக எழுதி எழுதிக் கிழிக்கிறேன். என் வீட்டுக்காரர், “பரீட்சையா எழுதற?” என்று கேட்டுவிட்டார்.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. கேட்கக் கூடாது என்று மனசு சொல்கிறது. ஆனாலும் கேட்கிறேன். நம் பள்ளிக்கூடக் கமிட்டிச் செயலாளர் குமரகுரு ஐயாவை போன வாரம் போய்ப் பார்த்தேன். வாசலிலேயே நிற்க வைத்துத்தான் பேசினார், ஆனால் பேசினார். “அந்தப் பொண்ணும் அவங்க அப்பாவும், நீ மறதியில செஞ்சதுதான், கெட்ட எண்ணம் இல்லன்னு எழுதிக் குடுத்தா மறுபடி சேத்துக்கலாம்மா. இல்லன்னா என் கையில ஒண்ணும் இல்ல” என்றார்.

வேலை போனது பெரிதில்லை. மண் வாரிச் சாப்பிட எனக்குத் தெரியும். ஆனால் எனக்கு இங்கே என்ன பெயர் தெரியுமா? பிள்ளை பிடிக்கிறவள். எங்கள் தெருவிலேயே, நான் வந்தால் சின்னப் பிள்ளைகளை வீட்டுக்குள் கூப்பிட்டுக்கொள்கிறார்கள். போன ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் ஒரு குழந்தைக்கு மிட்டாய் நீட்டினேன். அதன் அம்மா ஓடி வந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனாள். சாமி முன்னால், காயத்ரி. கையில் மிட்டாயோடு பாட்டு முடிகிற வரைக்கும் நின்றேன்.

உனக்கு இஷ்டம் இல்லை என்றால் எழுத வேண்டாம். உன் அப்பா திட்டுவார் என்றால் கேட்கவே வேண்டாம். நான் இப்படிக் கேட்டேன் என்பதையே மறந்துவிடு. ஆனால் எழுதினால் எனக்குப் பெரிய உதவி.

சம்பூர்ணம்


வேலூர்
12 ஆகஸ்ட் 2024

அத்தைக்கு,

எழுதிவிட்டேன்! அப்பாவும் கையெழுத்துப் போட்டுவிட்டார்!

நேற்று இரண்டாவது ஞாயிறு, பெற்றோர் வந்து பார்க்கிற நாள். அப்பா முறுக்கு வாங்கி வந்திருந்தார். முதலில் உங்கள் பெயரை எழுதிக் காட்டியதுமே முகம் மாறிவிட்டது. நான் தயாராக எழுதி வைத்திருந்த நான்கு பக்கத்தைக் கொடுத்தேன். சுகாசினி, பாத்ரூம், நீங்கள் தினமும் என்னைப் பெஞ்சு அறையில் ஒளித்து வைத்தது எல்லாம் அதில் இருந்தது. அப்பாவுக்கு அது எதுவுமே தெரியாது, அத்தை. நான்தான் சொல்லவில்லை. மரத்தடியில் உட்கார்ந்து இரண்டு தடவை படித்தார். படிக்கும்போது மூக்கை உறிஞ்சிக்கொண்டே இருந்தார்.

“தறியில உக்காந்துக்கினு, அறுந்துபோன எழைய கவனிக்காமலே ரெண்டு மொழம் நெஞ்சிருக்கேன்மா நானு. மறக்காத மனுசன் யாரு? அந்தம்மா உன்ன பாத்துக்கினு இருந்திருக்குது, அத போயி நான் ஸ்டேஷன்ல கண்டபடி பேசிட்டேனே” என்றார். உங்களிடம் நேரில் வந்து பேசுவாராம். உமாபதி என்று தமிழில் பெரிதாகக் கையெழுத்துப் போட்டார். அவரே கொண்டுபோய்க் கொடுப்பார்.

நான் எழுதியது இதுதான்: ‘சம்பூர்ணம் அவர்கள் என் பாதுகாப்புக்காகவே அறையைப் பூட்டினார்கள். தேர்த் திருவிழா நெரிசலில் என்னைத் திறந்துவிட மறந்துவிட்டார்கள். ஞாபகம் வந்த உடனே வந்து திறந்தார்கள். அவர்கள் மேல் எனக்கு எந்தப் புகாரும் இல்லை.’

யாராவது நேரில் கேட்டால் சொல்ல வேண்டுமே என்று அதைத் தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து வாய்விட்டுச் சொல்லிப் பழகினேன்.

நீங்கள் எழுதாதே என்றதை இன்று ஒரே ஒரு தடவை எழுதிவிடுகிறேன். அப்பாவிடம் கொடுத்த நான்கு பக்கத்தில் இதை எழுதவில்லை. அன்று மதியம் நீளமாக ஒரே மணி அடித்தது. எல்லோரும் ஓடுகிற சத்தம் கேட்டது. தேருக்காகச் சீக்கிரம் விட்டுவிட்டார்கள் என்று புரிந்தது. சுகாசினி அந்தப் பக்கம் வந்து “பஃபரிங் எங்கடி போச்சு?” என்று தேடினாள். நான் மூச்சு காட்டவில்லை. அப்புறம் ஒரு சத்தமும் இல்லை. நீங்கள் வருவீர்கள் என்று உட்கார்ந்திருந்தேன். சாயங்காலம் சாமி புறப்பாட்டு மேளம் கேட்டது. அது போன பிறகு கேட் பக்கம் அப்பாவின் குரல் கேட்டது. “எம்பொண்ண யாராவது பாத்தீங்களாப்பா” என்று அழுதுகொண்டே கேட்டார். அப்பா என்று கூப்பிட்டேன். ‘அ’ வந்தது, அதற்கு மேல் வரவில்லை. மறுபடி மறுபடி ‘அ’ மட்டும்தான் வந்தது.

கதவைத் தட்டியிருக்கலாம். அது எனக்குத் தெரியும். தட்டினால் நீங்கள் பூட்டினீர்கள் என்று எல்லோருக்கும் தெரிந்து உங்களுக்குப் பிரச்சினை ஆகும் என்று தட்டவில்லை. எப்படியும் நீங்கள் வந்துவிடுவீர்கள் என்றுதான் நினைத்தேன். பாவம், நீங்கள் அப்போது தாமலில் வீட்டில் இருந்திருப்பீர்கள். கேட் பக்கத்தில் மட்டும் நீங்கள் இருந்திருந்தால் அப்பா குரலைக் கேட்டதுமே சாவியோடு ஓடி வந்திருப்பீர்கள். அதை நினைத்தால் எனக்குக் கொஞ்சம் தைரியமாக இருக்கும். இப்போதும் அதைத்தான் நினைத்துக்கொள்கிறேன்.

காயத்ரி


தாமல்
23 ஆகஸ்ட் 2024

காயத்ரிக்கு,

வேலையில் சேர்ந்துவிட்டேன். திங்கட்கிழமை முதல். உன் அப்பா வந்து என்னிடம் மன்னிப்புக் கேட்டார். கையெடுத்துக் கும்பிட்டார். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

பழைய சாவிக் கொத்தைக் கொடுத்தார்கள். பெஞ்சு அறையை இன்னும் திறக்கவில்லை. துடைப்பம் வேண்டுமென்றால் மாடிப்படி அடியிலிருந்து எடுத்துக்கொள்கிறேன்.

உன் கடிதத்தைப் பல தடவை படித்தேன். உடம்பைப் பார்த்துக்கொள்.

சம்பூர்ணம்


வேலூர்
8 செப்டம்பர் 2024

அத்தைக்கு,

ஏன் இவ்வளவு சின்னதாக எழுதினீர்கள்? உடம்பு சரியில்லையா? நான் அந்த நாளைப் பற்றி எழுதியதால் கோபமா? இனி எழுத மாட்டேன், சத்தியமாக.

இங்கே ரொம்ப மோசமாக ஆகிவிட்டது. என் கணக்கு நோட்டை எடுத்து உங்கள் கடிதங்களைப் படித்துவிட்டார்கள். சாப்பாட்டுக் கூடத்தில் ஒருத்தி பெஞ்சு மேல் ஏறி நின்று, என்னை மாதிரி திக்கித் திக்கி உங்கள் கடிதத்தை வாசித்தாள். நான் பிடுங்கப் போனேன். நான்கு பேர் பிடித்துக்கொண்டார்கள். பிடுங்கிய இழுப்பில் ஒரு தாள் இரண்டாகக் கிழிந்துவிட்டது, ஒட்டி வைத்திருக்கிறேன். வார்டன் மிஸ் எல்லோரையும் திட்டினார், என்னையும் சேர்த்து. அன்றிலிருந்து எனக்குப் பக்கத்துக் கட்டிலில் யாரும் படுப்பதில்லை. என் தட்டைத் தொட்டால் திக்கல் ஒட்டிக்கொள்ளும் என்று ஒரு விளையாட்டு ஆரம்பித்திருக்கிறார்கள். தட்டில் கை பட்டவள் அலறிக்கொண்டு ஓட வேண்டும். சின்ன வகுப்புப் பிள்ளைகள்கூட அதை விளையாடுகிறார்கள்.

சில நாள் காலையில் எழுந்திருக்கவே பிடிக்கவில்லை. யாருக்கும் நான் வேண்டியதில்லை என்று தோன்றுகிறது. அப்போதெல்லாம் உங்களை நினைத்துக்கொள்வேன். எல்லோருமே தெரிந்தேதான் என்னை விட்டுவிட்டார்கள், டீச்சர்கள்கூட. தெரியாமல் விட்டது நீங்கள் ஒருத்தர்தான். தெரிந்திருந்தால் வந்திருப்பீர்கள். அப்படி ஒரு ஆள் எனக்கு இருக்கிறது என்று நினைத்தால் அந்த நாளை ஓட்டிவிடலாம்.

காலாண்டு லீவில் வருகிறேன். அப்பா தாமலுக்குக் கூட்டிக்கொண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறார். உங்களை அஞ்சாங்கல்லில் ஜெயிக்க வேண்டும்.

காயத்ரி


தாமல்
17 செப்டம்பர் 2024

காயத்ரிக்கு,

இதை உட்கார்ந்து படி. பக்கத்தில் யாரும் இல்லாதபோது படி.

நீ இங்கே வருவதற்கு முன்னால் இதைச் சொல்லிவிட வேண்டும். நீ வந்து என் எதிரில் உட்கார்ந்து கல்லைத் தூக்கிப் போட்டால் நான் செத்தேன். நீ என் மேல் வைத்திருப்பதை வாங்கிக்கொள்ள எனக்குக் கூசுகிறது.

தேர் அன்று நான் மறந்தது நிஜம். உன்னைப் பூட்டிவிட்டு வந்ததும் தலைமை ஆசிரியை கூப்பிட்டு, கேட் பக்கத்து நீர்மோர்ப் பந்தலுக்குக் குடம் தூக்கச் சொன்னார். பத்து நிமிஷம் என்று போனேன். அதற்குள் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டார்கள், தேரும் மூலைக்கு வந்துவிட்டது. சனம் தள்ளியது. நின்று பார்த்தேன், மோர் ஊற்றினேன், பஸ் பிடித்து வீட்டுக்குப் போனேன். அதுவரை மறதி. வீட்டில் முந்தானை முடிச்சை அவிழ்த்தபோது பெஞ்சு அறைச் சாவி கையில் வந்தது. அப்போது மணி ஐந்துகூட ஆகவில்லை.

மறுநாள் காலையில் இல்லை, காயத்ரி. அன்று சாயங்காலமே ஞாபகம் வந்துவிட்டது.

செருப்புகூடப் போடாமல் ஓடி வந்தேன். பஸ் கிடைத்து வந்து சேர ஆறரை ஆனது. கேட்டுக்கு முன்னால் போலீஸ் ஜீப். கமிட்டிக்காரர்கள், உன் தெருக்காரர்கள், ஒரே கூட்டம். எல்லா அறையும் பூட்டியிருக்கிறது, உள்ளே யாரும் இல்லை என்று வாட்ச்மேன் குப்புசாமி சொல்லிவிட்டாராம். தேர்க் கூட்டத்தில் உன்னை யாரோ தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். “காலனி பொம்பளைங்க நெறைய பேரு வந்திருந்தாளுங்க சார், அவளுங்கள புடிச்சி விசாரிங்க” என்று ஒருத்தர் கத்தினார். நான் எதிர்ப்பக்கம் டீக்கடை ஓரமாக நின்றேன். உன் அப்பா எல்லோர் காலிலும் விழாத குறையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். நீ உள்ளே இருந்து கேட்டாய் என்று எழுதினாயே, அந்த வார்த்தையை நானும் கேட்டேன். நீ ‘அ’ என்று கூப்பிட்டுக்கொண்டிருந்த நேரம் நான் ரோட்டுக்கு இந்தப் பக்கம், சாவியை உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டு நின்றிருக்கிறேன்.

என் தம்பி சத்யராஜைப் பற்றி உன்னிடம் சொன்னதில்லை. பத்து வருஷத்துக்கு முன்னால் ஒரு தெருவில் சைக்கிள் காணாமல் போனது. அந்தத் தெருவில் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தான் என்று அவனைக் கூட்டிக்கொண்டு போனார்கள். மூன்று நாள் கழித்து அனுப்பினார்கள். அவன் வலது மணிக்கட்டு இன்றுவரை மடங்காது. சைக்கிளுக்கே அப்படி. முதலியார் வீட்டுப் பெண்ணை உள்ளே வைத்துப் பூட்டியவள் நான் என்று முன்னால் போய் நின்றால் என்ன செய்வார்கள்? கூட்டம் கலையட்டும், போலீஸ் போகட்டும், பின்பக்கமாகப் போய்த் திறந்துவிடலாம் என்று நின்றேன். கூட்டம் கலையவில்லை. தாமலுக்குக் கடைசி பஸ் வந்தது.

ஏறினேன். யாரும் என்னைப் பிடித்துத் தள்ளவில்லை. நானாகத்தான் ஏறினேன். சாவியை அந்த டீக்கடைக்காரர் கையில் கொடுத்திருக்கலாம். கேட்டுக்குள் வீசிவிட்டு ஓடியிருக்கலாம். ஒரு பிள்ளையிடம் சொல்லி அனுப்பியிருக்கலாம். இத்தனை வழியும் எனக்கு வீட்டுக்குப் போன பிறகுதான் தெரிந்தது. பயம் வந்தால் மனுஷிக்கு மூளை இருக்காது என்று சொல்லிக்கொள்கிறேன். ஆனால் பஸ்ஸுக்குச் சில்லறை எண்ணிக் கொடுக்க மட்டும் மூளை இருந்தது.

விடிந்ததும் வந்து திறந்தேன். ஒடிந்த பெஞ்சு மேல் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். என்னைப் பார்த்துச் சிரித்தாய். “மறந்துட்டேன்டி, கண்ணு” என்றேன். அதற்கும் தலையை ஆட்டினாய். அந்தப் பொய்யை எல்லோரிடமும் சொன்னேன். கடைசியில் அதை உன் கையால் எழுதி வாங்கி, உன் அப்பாவின் கையெழுத்தையும் வாங்கி, வேலைக்கும் போய்விட்டேன். இதை விடக் கேவலம் உண்டா?

என்னைக் காட்டிக் கொடுக்க வேண்டுமென்றால் கொடு. குமரகுரு ஐயாவுக்கு எழுது, உன் அப்பாவிடம் சொல். நான் மறுக்க மாட்டேன். ஆனால் காலையில் எழுந்திருக்கப் பிடிக்கவில்லை என்று எழுதியிருந்தாயே, அது சின்ன விஷயம் இல்லை. அதை இன்றைக்கே வார்டனிடம் எழுதிக் காட்டு, அப்பாவை வரச் சொல்லு. என் மேல் உள்ள கோபத்தில் அதைச் செய்யாமல் விட்டுவிடாதே. உன் காலில் விழுந்து கேட்கிறேன்.

சம்பூர்ணம்


வேலூர்
7 அக்டோபர் 2024

சம்பூர்ணம் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. வார்டன் மிஸ்ஸிடம் எழுதிக் காட்டினேன். அப்பா வந்து அழைத்துப் போனார். நீங்கள் சொன்னதற்காகக் காட்டவில்லை, எனக்கே பயமாக இருந்தது. லீவில் வீட்டில்தான் இருந்தேன். வேலூர் பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மாவிடம் வாரா வாரம் போக வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். அவர் கேட்கிற கேள்விக்கு எல்லாம் நான் பேப்பரில் எழுதிக் கொடுக்கிறேன். உங்களைப் பற்றி அவருக்கு எதுவும் எழுதவில்லை.

பஸ் தாமல் ஏரிக்கரையைத் தாண்டும்போது, “எறங்கி அந்தம்மாவ பாத்துட்டு போலாமாம்மா?” என்று அப்பா கேட்டார். தலைவலி என்று சொல்லிவிட்டேன். திரும்பி வரும்போதும் கேட்டார், அப்போதும் அதையே சொன்னேன். அப்பாவுக்கு உங்கள் மேல் ரொம்ப மரியாதை. தீபாவளிக்கு உங்களுக்குப் புடவை எடுக்க வேண்டும் என்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

ஏன் சொன்னீர்கள்? சொல்லாமலே இருந்திருக்கலாமே. சொல்லிவிட்டதால் உங்களுக்கு இப்போது லேசாக இருக்கும். எனக்கு அந்தச் சாயங்காலம் முதலில் இருந்து மறுபடி நடக்கிறது. முன்பு அதில் நான் மட்டும் இருந்தேன். இப்போது ரோட்டுக்கு அந்தப் பக்கம் நீங்களும் நிற்கிறீர்கள். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்தால் நினைக்க ஒருத்தரும் இல்லை.

உங்கள் தம்பியைப் பற்றிப் படித்தபோது அழுதேன். நீங்கள் பயந்தது எனக்குப் புரிகிறது. என்னால் கோபப்படக்கூட முடியவில்லை, அதுதான் கஷ்டமாக இருக்கிறது. உங்களுக்கு ஒன்றும் ஆகக் கூடாது என்று நான் கதவைத் தட்டவில்லை. உங்களுக்கு ஒன்றும் ஆகக் கூடாது என்று நீங்களும் வரவில்லை. இரண்டு பேரும் உங்களைத்தான் காப்பாற்றியிருக்கிறோம். ஆனால் நான் உள்ளே இருந்தேன். நீங்கள் வெளியே இருந்தீர்கள்.

குமரகுரு சாருக்கு நான் எதுவும் எழுதப் போவதில்லை, அப்பாவிடமும் சொல்லப் போவதில்லை. சொன்னால் அப்பா தாங்க மாட்டார். நீங்களும் சொல்லாதீர்கள். வேலைக்குப் போய்க்கொண்டிருங்கள். பெஞ்சு அறையைத் திறந்து கூட்டிவிடுங்கள், வேறு யாருக்காவது தேவைப்படலாம். ஆனால் யாரையும் உள்ளே வைத்துப் பூட்டாதீர்கள்.

இனி எனக்கு எழுத வேண்டாம். தேர் அன்று என்ன நடந்தது என்று போன வாரம்கூட வீட்டுக்கு வந்த ஒருவர் கேட்டார். நீங்கள் மறந்துவிட்டதாகச் சொன்னேன். ஒரு இடத்திலும் நிற்காமல், முழு வாக்கியமும் வந்தது. அப்பா சந்தோஷத்தில் அம்மாவைக் கூப்பிட்டு, மறுபடி ஒரு தடவை சொல்லச் சொன்னார். சொன்னேன்.

காயத்ரி